திட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு

ஏரி, கோயில், கிரிக்கெட் என்று கண்டதையும் எழுதிக்கொண்டிருந்தவன் இந்த முறை ஒரு துணிக்கடைக்குள் போகிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள் :)

சனி, ஞாயிறுகளில் குன்னத்தூரில் ஒரு துணிக்கடையில் பகுதிநேரமாக நிற்கிறேன். (வேலை செய்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்பதுதான் சரி. அதற்குப் பிறகு வருகிறேன்.) சேர்ந்த மூன்றாவது வாரம், 95 சைஸ் பனியன் கேட்ட பெரியவருக்கு 90 எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்தார். கல்லாவில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முதலாளி அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "படிக்கிற பையன்னு சேத்துனேன் பாரு, எம்பட புத்தியச் செருப்பால அடிக்கோணும்." அன்று சாயங்காலம் வரை யார் முகத்தையும் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

இதை மட்டும் எழுதினால் புலம்பலாகப் போயிருக்கும். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பையனைச் சேர்த்து, "நீ சொல்லிக் குடு" என்று என்னிடம் விட்டார்கள். இரண்டாம் நாள் அவன் சட்டைகளைத் தப்பான அலமாரியில் அடுக்கிவிட்டான். கூட்ட நேரம். "உனக்கெல்லாம் எதுக்குடா வேலை?" என்று நான் கத்தினேன். முதலாளியின் குரல் என் வாயில் வந்தது எனக்கே கேட்டது. மறுநாளிலிருந்து பையன் வரவில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் இந்தக் கேள்வி வந்தது. வேலை செய்பவனிடம் "நீ இப்படிச் செய்கிறாய்" என்று சொல்வதை மனிதர்கள் எப்படியெல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள்? தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

துணிக்கடைப் பையன் ராபர்ட் ஓவன்

கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று பாடப்புத்தகத்தில் ராபர்ட் ஓவன் பெயரைப் படித்திருப்போம். அவர் ஒரு துணிக்கடைப் பையனாகத் தொடங்கியவர் என்பது எனக்குத் தெரியாது. 1771-ல் வேல்ஸில் பிறந்தவர், சுமார் பத்து வயதில் இங்கிலாந்தின் ஸ்டாம்ஃபோர்ட் ஊரில் மக்கஃபாக் என்பவருடைய துணிக்கடையில் சேர்ந்தார். முதல் வருஷம் சம்பளம் கிடையாது, இரண்டாம் வருஷம் எட்டு பவுண்டு, மூன்றாம் வருஷம் பத்து பவுண்டு. சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி பொறுப்பு. மக்கஃபாக்கே அரை கிரவுன் முதலோடு கூடையில் சரக்கு சுமந்து விற்று மேலே வந்தவர். மெல்லிய துணிகளை எப்படிக் கையாள்வது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்ததாக ஓவன் தன் வரலாற்றில் நன்றியோடு எழுதுகிறார்.

அடுத்து லண்டன் பாலத்தருகே ஒரு பெரிய கடை. வருஷம் 25 பவுண்டு. கூட்டம் குறையவே ராத்திரி பத்து, பத்தரை ஆகிவிடும். கலைந்த சரக்கையெல்லாம் மடித்து அடுக்கி முடிக்கும்போது சில நாள் விடிகாலை இரண்டு மணி. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளாமல் மாடிப்படி ஏற முடியாத அளவுக்குக் களைப்பு. தீபாவளிக்கு முந்தின வாரம் துணிக்கடையில் நின்ற யாருக்கும் இந்தப் பத்தி அன்னியமாக இருக்காது.

நாலு நிறக் கட்டை

இந்தப் பையன் வளர்ந்து, 1800-ல் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் நூற்பாலையின் நிர்வாகத்தை ஏற்றார். திருட்டு, குடி, சோம்பல் என்று ஆலையில் ஆயிரம் குறைகள். அந்தக் காலத்து வழக்கப்படி அடி, அபராதம், திட்டு என்று போயிருக்கலாம். அவர் வேறொன்று செய்தார்.

ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் ஒரு சின்ன மரக்கட்டை. சுமார் இரண்டு அங்குல நீளம், நாலு பக்கம், நாலு நிறம். கறுப்பு என்றால் மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. நேற்று அவர் எப்படி வேலை செய்தார் என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் முன்னால் திரும்பியிருக்கும். "மௌனக் கண்காணிப்பான்" என்று மொழிபெயர்க்கலாம். தினசரி எண்ணை ஒரு பேரேட்டில் எழுதுவார்கள். ஓவன் ஆலைக்குள் நடந்து போவார், கட்டையைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆரம்பத்தில் கறுப்பு நிறைய இருந்தது. பிறகு நீலமும், அதன்பின் மஞ்சளும் வெள்ளையும் கூடின என்கிறார்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இரண்டு. ஒன்று, தொழிலாளிக்கு நிறம் போடுகிற மேற்பார்வையாளருக்கும் ஒரு கட்டை உண்டு, அதை அவருக்கு மேலே இருப்பவர் திருப்புவார். இரண்டாவது, "எனக்குப் போட்ட நிறம் அநியாயம்" என்று நினைத்தால், பேரேட்டில் ஏறுவதற்கு முன்பே ஓவனிடமோ ஆலை மேலாளரிடமோ முறையிடலாம். பதில் பேசும் உரிமை!

உடனே ஓவனைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். கட்டையை எல்லோரும்தான் பார்ப்பார்கள். கறுப்பு தொங்குகிறவனுக்கு அன்று முழுக்க அவமானம். அதைவிடப் பெரிய குறை, "மோசம்" என்று சொல்லும் கட்டை "எது மோசம்" என்று சொல்லாது. இழை அறுந்ததா, லேட்டாக வந்தானா, பக்கத்தில் இருப்பவனோடு சண்டையா? நிறத்துக்கு வாய் இல்லை. இன்று சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்கு நாம் போனில் போடுகிற நட்சத்திரமும் அதே கட்டைதான். இரண்டு நட்சத்திரம் வாங்கியவருக்கு ஏன் என்று தெரியாது. முறையிடப் பக்கத்தில் ஓவனும் இல்லை.

அந்த ஆட்கள் ஏன் கட்டையை உடைத்து எறியவில்லை? அமெரிக்காவிலிருந்து பருத்தி வராமல் போன சமயத்தில் நாலு மாதம் இயந்திரங்களை நிறுத்தினார் ஓவன். ஆனால் ஒருவரையும் அனுப்பாமல், ஏழாயிரம் பவுண்டுக்கு மேல் செலவழித்து முழுச் சம்பளம் கொடுத்தார். அதன்பிறகுதான் ஆட்கள் தன்னை நம்பினார்கள் என்று அவரே எழுதுகிறார். நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்ற எண்ணம் முதலில் வந்தால்தான் குறை சொல்வது காதில் ஏறும் போல.

நம்ம ஊர்ச் சட்டம்

எல்லா முதலாளியும் ஓவன் இல்லை என்பதால் சட்டம் தேவைப்பட்டது. தப்புக்கு அபராதம் பிடிப்பது இங்கிலாந்துக் கடைகளிலும் இந்திய ஆலைகளிலும் சாதாரணமாக இருந்தது. 1936-ல் வந்த சம்பளப் பட்டுவாடாச் சட்டம் அதற்கு ஒரு வேலி போட்டது. எந்தெந்தத் தப்புக்கு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி அறிவிக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் பிடிக்கக்கூடாது. ரூபாய்க்கு 16 அணா என்பதால் அது 32-ல் ஒரு பங்கு. பிறகு இது மூன்று சதவீதம் என்று மாற்றப்பட்டது. பிடித்த பணமும் முதலாளி பைக்குப் போகாது, தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும்.

கடைகளுக்கு 1947-ல் சென்னை மாகாணத்தில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் வந்தது. அதன் 41-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமில்லாமல், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக்கூடாது. தவறான நடத்தை என்றால் முன்னறிவிப்பு வேண்டாம், ஆனால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுத்தப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். நியூ லனார்க்கில் ஒரு முதலாளி மனமுவந்து கொடுத்த முறையிடும் உரிமை, இங்கே சட்டமாகவே இருக்கிறது.

ஆனால் "ஆறு மாதம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் நிற்கும் பையனுக்கு இந்தப் பிரிவு எட்டாது. அவனுக்கு விசாரணை கிடையாது, முன்னறிவிப்பு கிடையாது. அவனுக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு பக்கத்தில் நிற்கிறவனுடைய நாக்கு. நான் அதையும் கொடுக்கவில்லை.

ஒரு சாயங்காலக் கூட்டம்

இன்று எல்லோரும் சொல்கிற "ஃபீட்பேக்" என்ற சொல் மின்பொறியியலிலிருந்து வந்தது. கருவியிலிருந்து வெளியே வருவதில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு அதைச் சீராக்குவது. மனிதர்களிடம் இந்தச் சொல் வந்த கதை சுவாரஸ்யமானது. 1946 கோடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கர்ட் லெவின் என்ற உளவியலாளர் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். பகலில் பயிற்சி, சாயங்காலம் ஆய்வாளர்கள் மட்டும் உட்கார்ந்து, யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று பேசுவார்கள். ஒருநாள் பயிற்சிக்கு வந்தவர்கள் சிலர் தாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா என்றார்கள். தன்னைப் பற்றிச் சொன்னதைக் கேட்ட ஒரு பெண், "அப்படி இல்லை" என்று மறுத்தார். பேச்சு சூடாகியது. ஆனால் பகல் முழுக்க நடந்த பயிற்சியைவிட அந்தச் சாயங்காலத்தில்தான் இரண்டு பக்கமும் அதிகம் கற்றுக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் பேசுவதை முகத்துக்கு முன்னால், பதில் பேச இடம் விட்டுப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு தொடக்கம்.

அப்புறம் கம்பெனிகள் இதைப் பிடித்துக்கொண்டன. வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு உட்காரவைத்து மதிப்பெண் போடுவது வழக்கமானது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி அதை ஆராய்ந்து 1965-ல் முடிவை வெளியிட்டது. குறைகளை அடுக்கினால் வேலை கெடுகிறது. பொதுவான பாராட்டால் பெரிய பலன் இல்லை. குறிப்பிட்ட இலக்கை இருவரும் சேர்ந்து வைத்து, அன்றாடம் சொல்லிக்கொடுத்தால்தான் முன்னேற்றம். நம் நாட்டில் 1970-களின் நடுவில் உதய் பரீக், டி.வி.ராவ் இருவரும் எல் அண்ட் டி நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையை ஆராய்ந்து, ஆளை வளர்ப்பதற்கான பேச்சாக அதை மாற்றச் சொன்னார்கள்.

1996-ல் க்ளூகர், டெனிசி என்ற இருவர் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியாகக் கருத்துச் சொல்வது பலன் தருகிறது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான சமயங்களில் வேலை முன்பைவிட மோசமாகிறது! கவனம் வேலையை விட்டு "நான் யார்" என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். "உனக்கெல்லாம் எதுக்குடா வேலை" என்ற வாக்கியத்தில் சட்டையும் இல்லை, அலமாரியும் இல்லை. பையன் மட்டும்தான் இருக்கிறான்.

நிற்பதைப் பற்றி

இன்னொன்று, நாம் எதை வைத்து மதிப்பிடுகிறோம் என்பது. நின்றுகொண்டிருந்தால் சுறுசுறுப்பு, உட்கார்ந்தால் சோம்பேறி. கடைகளில் ஆள் இல்லாத நேரத்தில்கூட உட்காரவிடாமல் வைத்திருந்தது இந்தக் கணக்கால்தான். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள் இதை எதிர்த்துப் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் அதே 1947 சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்கச் சொன்னது. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை அளவுகோலாக வைத்திருந்ததை மாற்ற 74 வருஷம் ஆகியிருக்கிறது. எங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறது. அதன்மேல் துணிக்கட்டு இருக்கிறது :)

அம்மாவின் ஸ்டிக்கர்

இத்தனையும் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது என்று பீஸில் எங்கே குறையோ, அந்த இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஆல்டருக்கு அனுப்புவார்கள். டெய்லர் அம்பைப் பார்த்து அந்த இடத்தைச் சரிசெய்து அனுப்புவார். முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: "ஸ்டிக்கரத் துணில தான் ஒட்டோணும் கண்ணு. டெய்லர் நெத்தில ஒட்டுனா யாரு தைப்பாங்க?"

ஆயிரம் வார்த்தையில் நான் எழுதியதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

போன வாரம் அந்தப் பையனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. "தம்பி, அன்னிக்கு நான் பேசுனது தப்பு" என்றேன். அவன் சிரித்தான். "பரவால்லைங்ண்ணா. ஆனா நான் என்ன தப்புப் பண்ணேன்னு எனக்கு இன்னும் தெரியாதுங்."

கழுத்துப்பட்டி உள்பக்கம் சைஸ் லேபிள் இருக்கும், அட்டைப்பெட்டியின் எண்ணை நம்பாமல் அதைப் பார்த்து அடுக்க வேண்டும் என்று சொன்னேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அவ்ளோதானுங்களா?" என்றான்.

அவ்வளவுதான். அந்த அரை நிமிஷத்தை அன்றைக்கே கொடுத்திருந்தால், தீபாவளிச் சம்பளம் அவன் கையில் இருந்திருக்கும்.