தோள்பட்டை வலி: லேசரா, பிசியோதெரபியா? பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

லேப்டாப் பையை மாட்டும்போதே தோள்பட்டை சுரீர்னு இழுக்கிறது. கிளினிக்குக்குப் போனால், "10 சிட்டிங் லேசர் எடுத்துக்கோங்க" என்கிறார்கள். எடுக்கலாமா?

லேசர் என்ன செய்கிறது?

இது அறுவை சிகிச்சை லேசர் அல்ல. குறைந்த சக்தி கொண்ட ஒளியைத் தோல் வழியாகச் செலுத்துவார்கள். அது வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. இதைப் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட்தான் தருகிறார். ஆகவே உண்மையான கேள்வி, லேசர் மட்டும் போதுமா, உடற்பயிற்சியும் வேண்டுமா என்பதுதான்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

• ரொட்டேட்டர் கஃப் வலி: கையைத் தூக்கவும் சுழற்றவும் உதவும் 4 தசைகளில் வரும் பிரச்னை இது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, இதற்கான மின்சிகிச்சைகள் பற்றிய 47 ஆய்வுகளை 2016-ல் அலசியது. போலி சிகிச்சையைவிட லேசர் குறுகிய காலத்துக்குப் பலன் தரலாம். ஆனால் ஆதாரம் வலுவாக இல்லை.

• ஃப்ரோசன் ஷோல்டர்: தோள் இறுகி, கை அசையாமல் போகும் நிலை. பயிற்சியோடு லேசரும் சேர்த்தால், பயிற்சி மட்டும் செய்வதைவிட முதல் சில வாரங்களில் வலி கூடுதலாகக் குறையலாம் என்கிறது காக்ரேனின் 2014 அறிக்கை. கவனியுங்கள், இங்கே லேசர் துணைக்கு வந்தது. பயிற்சிக்குப் பதிலாக அல்ல.

அப்படின்னா பிசியோவுக்கு எத்தனை முறை போகணும்?

பிரிட்டனில் ரொட்டேட்டர் கஃப் வலி இருந்த 708 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஒரே ஒரு ஆலோசனை, வீட்டில் செய்யப் பயிற்சிகள். இன்னொரு பிரிவினருக்கு 6 முறை வரை நேரடிப் பயிற்சி. 12 மாதங்களில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2021-ல் 'லான்செட்' இதழில் இது வெளியானது. சிட்டிங் எண்ணிக்கை கூடினால் பலனும் கூடிவிடாது.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

1. எனக்கு என்ன பிரச்னை?
2. வீட்டில் என்ன பயிற்சி செய்யணும்?
3. முன்னேற்றத்தை எப்போது, எப்படி அளப்பீர்கள்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், பேக்கேஜுக்குப் பணம் கட்ட அவசரப்படாதீர்கள்.

எப்போது உடனே டாக்டரைப் பார்க்கணும்?

கீழே விழுந்தபின் கையைத் தூக்க முடியவில்லை, காய்ச்சலோடு தோள் வீங்கிச் சிவந்திருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். தோள் வலியோடு நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ஃப்ரோசன் ஷோல்டர் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் தோள் இறுகினால் சர்க்கரை அளவையும் பரிசோதித்துவிடுங்கள்.