மூணு பாட்டு, மூணு உடம்பு: ரிதம் அண்ட் ப்ளூஸ் வரலாறு, ஒரு த்ரெட்

1/
இன்னைக்கு மருந்து மாத்திரை பேச்சு கம்மி. பாட்டு பேசலாம். 1950, 1964, 1995 என்று மூணு காலத்திலிருந்து மூணு ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டு. மூணையும் பாடியவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். யூடியூபில் இருக்கு, சேர்த்துக் கேட்டாலும் சுமார் பத்து நிமிஷம்தான்.

கேட்டீங்கன்னா, மூணும் ஒரே வகை இசைன்னு நம்பவே மாட்டீங்க. ஆனா மூணுக்கும் பொதுவா ஒண்ணு இருக்கு. அது பாட்டில் இல்லை, பாடியவர்களின் ஆஸ்பத்திரி பில்லில் இருக்கு.

2/
முதலில் பெயர். கறுப்பின மக்கள் பாடி, அந்த மக்களுக்கே விற்கப்பட்ட இசைத்தட்டுகளை அமெரிக்காவில் 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றுதான் சொன்னார்கள். அதாவது 'இன இசைத்தட்டு'. பில்போர்டு பத்திரிகை தன் விற்பனைப் பட்டியலுக்கும் அதே பெயரை வச்சிருந்தது. அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் என்பவர் சொன்ன மாற்றுப் பெயர்தான் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்'. 1949 ஜூனில் பட்டியலின் தலைப்பு மாறியது.

3/
நம்ம முதல் பாடகி ரூத் பிரவுன், வர்ஜீனியாக்காரர். 1948இல் நியூயார்க்கின் அப்போலோ தியேட்டரில் பாடப் போகிற வழியில் கார் விபத்து. இரண்டு காலிலும் பலத்த அடி. பல மாதம் ஆஸ்பத்திரி வாசம். அட்லாண்டிக் என்ற புது இசைத்தட்டு கம்பெனியின் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடிதான். முதல் பாட்டைப் பதிவு செய்யப் போனபோதும் ஊன்றுகோலோடுதான் போனார்.

4/
1950இல் வந்தது 'டியர்டிராப்ஸ் ஃப்ரம் மை ஐஸ்'. காதலன் பிரிந்த துக்கம்தான் விஷயம். ஆனா கேட்டுப் பாருங்க, உட்கார முடியாது. சாக்ஸபோன் பின்னாலிருந்து தள்ளும், தாளம் ஆடச் சொல்லும். வரி முடிகிற இடத்தில் ரூத்தின் குரல் சட்டென்று மேலே போய்க் கீச்சிடும். அழுகையை ஆட்டமாக்கும் வித்தை அது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 11 வாரம் முதலிடம்.

5/
அடுத்தடுத்து ஹிட். அட்லாண்டிக் கம்பெனியையே 'ரூத் கட்டிய வீடு' என்று சொல்லும் அளவுக்கு. அப்போ ரூத் பணக்காரர் ஆயிருக்கணும், இல்லையா?

ஆகலை. கணக்கு இப்படி: ஸ்டூடியோ செலவு, வாசிப்பவர்கள் கூலி, முன்பணம் எல்லாம் பாடகி பெயரில் கடனாக எழுதப்படும். விற்பனையில் அவருக்கு வரவேண்டிய சின்னப் பங்கிலிருந்து அந்தக் கடன் கழியும். கழிந்து முடிஞ்சாத்தான் கையில் காசு. பெரும்பாலும் முடியாது. 1960களில் ஹிட் நின்றதும், ரெண்டு பிள்ளைகளை வளர்க்க ரூத் வீட்டு வேலை செய்தார், ஸ்கூல் பஸ் ஓட்டினார்.

6/
இப்போ 1964. ஊர் டெட்ராய்ட், கார் தொழிற்சாலைகளின் ஊர். கார் ஃபேக்டரியில் வேலை பார்த்த பெர்ரி கார்டி, அதே மாதிரி வரிசை முறையில் பாட்டு தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி மோட்டவுன். அதன் முதல் பெரிய பெண் நட்சத்திரம் மேரி வெல்ஸ். சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர். அம்மா வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் போனவர்.

7/
பாட்டு 'மை கை'. எழுதித் தயாரித்தவர் ஸ்மோக்கி ராபின்சன். ரூத்தின் பாட்டுக்குப் பிறகு உடனே இதைக் கேளுங்க, வித்தியாசம் தெரியும். சாக்ஸபோன் கத்தல் இல்லை, கீச்சு இல்லை. குரல் காதருகே பேசுவது போல இருக்கும். 'என் ஆளை விட்டு நான் எங்கேயும் போக மாட்டேன்' என்பதுதான் மொத்த விஷயம். கடைசியில் மேரி வேண்டுமென்றே குரலை மாற்றி, நடிகை மே வெஸ்ட் மாதிரி கொஞ்சுவார். விளையாட்டுக்குச் செய்தது, அப்படியே பதிவில் தங்கிவிட்டது.

8/
பீட்டில்ஸ் அலை அடித்த அந்த மே மாதத்தில் 'மை கை' அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. சுவாரசியம் என்னன்னா, அந்த வருஷம் பில்போர்டில் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலே கிடையாது. 1963 நவம்பரில் நிறுத்தி, 1965 ஜனவரியில்தான் திரும்பக் கொண்டு வந்தார்கள். கறுப்பினப் பாட்டு, வெள்ளையர் பாட்டு என்ற சுவர் அவ்வளவு மெலிந்திருந்தது.

சுவர் மெலிந்தது, கணக்கு மாறலை. அமெரிக்கச் சட்டப்படி சாதாரண வானொலியில் பாட்டு ஒலித்தால் எழுதியவருக்குப் பணம் போகும். பாடியவருக்கு ஒரு பைசா கிடையாது. இன்னைக்கு வரை அதுதான் நிலை.

9/
1990. மேரி வெல்ஸுக்குக் குரல்வளைப் புற்றுநோய். நிறைய சிகரெட் பிடித்தவர். சிகிச்சையில் குரல் போனது. மருத்துவக் காப்பீடு கிடையாது. அமெரிக்காவில் காப்பீடு இல்லாமல் புற்றுநோய் வந்தால் என்ன ஆகும்? வீடு போனது.

1964இல் விளையாட்டுக்குக் கொஞ்சிய அதே குரல்வளைதான். அந்தக் கடைசி வரியை இப்போ கேட்டா எனக்குத் தொண்டை அடைக்குது.

10/
இங்கேதான் முதல் பாட்டு இரண்டாம் பாட்டுக்கு உதவிக்கு வருது.

ரூத் பிரவுன் சும்மா இருக்கலை. 1980களில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்து, அட்லாண்டிக்கிடம் கணக்குக் கேட்டார். வருஷக்கணக்கில் போராட்டம். 1988இல் கம்பெனி இறங்கி வந்தது. அவருக்கும் அவர் காலத்துப் பாடகர்கள் பலருக்கும் பழைய ராயல்டி பாக்கியைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. கூடவே பிறந்தது 'ரிதம் அண்ட் ப்ளூஸ் ஃபவுண்டேஷன்'. வயசான, வசதியில்லாத பாடகர்களுக்கு உதவும் அமைப்பு.

மேரி வெல்ஸின் சிகிச்சைக்குக் கை கொடுத்தவர்களில் அந்த அமைப்பும் ஒன்று. சக பாடகர்களும் கொடுத்தார்கள். 1991இல் மேரி நாடாளுமன்றக் குழு முன் போய், போன குரலிலேயே, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கச் சொன்னார். 1992 ஜூலையில் இறந்தார். வயது 49.

11/
மூன்றாவது, 1995. ஊர் அட்லாண்டா. டிஎல்சி என்ற மூன்று பெண்கள் குழு. பாட்டு 'வாட்டர்ஃபால்ஸ்'.

இப்போ இசையே வேற. ஹிப்ஹாப் தாளம், அடியில் மெதுவா நகரும் பேஸ், நடுவில் ராப். முக்கியமா, விஷயம் காதல் ஏக்கம் இல்லை. ஒரு பகுதியில் போதைப்பொருள் விற்கப் போய்ச் சாகும் மகனும் தாயும். அடுத்த பகுதியில் எய்ட்ஸ் வந்து இறப்பவன். நோயின் பெயரைக் கூடச் சொல்ல மாட்டார்கள், எழுத்துக்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்வார்கள். கேட்ட எல்லோருக்கும் புரிந்தது.

12/
ஏன் புரிந்ததுன்னா, அந்த நேரத்தில் அமெரிக்காவில் 25 முதல் 44 வயதுக்காரர்கள் சாவுக்கு முதல் காரணமே எய்ட்ஸ்தான். வைரஸை அடக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல்தான் பரவியது. பாட்டு வந்தபோது கையில் இருந்தது எச்சரிக்கை மட்டும்தான். அதைத்தான் பாடினார்கள். குழுவில் ஒருவரான லிசா லோபஸ், கண்ணாடியில் ஆணுறையை ஒட்டிக்கொண்டு டிவியில் வந்தவர்!

13/
ஆனா அந்த அடிக்குரல் இருக்கே, டி-பாஸ் என்கிற டியான் வாட்கின்ஸ், அவருடைய நோய் வேறு. சிக்கிள் செல் இரத்தச்சோகை. பிறவியிலேயே வருவது. சிவப்பணு அரிவாள் வடிவத்துக்கு வளைந்து சின்ன இரத்தக்குழாய்களை அடைக்கும். எலும்புக்குள் கத்தி இறக்கிய மாதிரி வலி. முப்பது வயசைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர்கள் சொன்னதாக அவரே சொல்லியிருக்கார்.

(இது நமக்கும் தூரத்து நோய் இல்லை. இந்தியாவில் இந்த மரபணுவை முதலில் கண்டறிந்தது 1952இல், நம்ம நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.)

14/
1995 ஜூலை. 'வாட்டர்ஃபால்ஸ்' அமெரிக்காவில் முதலிடம், ஏழு வாரம். அதே ஜூலையில் டிஎல்சி நீதிமன்றத்தில் திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 35 லட்சம் டாலர். கடன் ஏறிய காரணங்களில் டி-பாஸின் மருத்துவச் செலவும் ஒன்று.

45 வருஷம் ஓடியிருக்கு. செலவைப் பாடகி தலையில் எழுதும் கணக்குப் புத்தகம் மட்டும் அப்படியே இருக்கு.

15/
இப்போ மூணையும் மறுபடி வரிசையா கேளுங்க. 1950இல் துக்கத்தை ஆட வச்சாங்க. 1964இல் எல்லார் வீட்டு வரவேற்பறைக்கும் போற மாதிரி குரலை மென்மையாக்கினாங்க. 1995இல் வீட்டில் யாரும் பேசாததைப் பாட்டில் பேசினாங்க. இசை இவ்வளவு தூரம் வந்திருக்கு.

மாறாதது ஒண்ணு. பாட்டு கம்பெனி சொத்து, உடம்பு மட்டும் பாடகியின் பொறுப்பு. அதையும் கொஞ்சமாவது அசைச்சது யார்? பஸ் ஓட்டிய ரூத் பிரவுன். 1989இல் டோனி விருது வாங்கினார், 2006இல் 78 வயதில் இறந்தார். அவரை 'பழைய பாட்டுக்காரி' என்று மட்டும் நினைக்காதீங்க.

16/
டாக்டர் என்பதால் ரெண்டு வரி சொல்லாமல் முடிக்க முடியாது. குரல் கம்மல் மூணு வாரத்துக்கு மேல் நீடித்தால், முக்கியமா புகை பிடிப்பவர் என்றால், பனங்கற்கண்டு போதாது. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் குரல்வளையைக் காட்டுங்க. ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும், குரலையும் காப்பாற்றலாம்.

அப்புறம், உங்க ஊர்க் கச்சேரியில, கோயில் கொடையில, கல்யாண மேடையில பாடுறவங்களைப் பார்த்தா, பாட்டை மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. பேசின சம்பளம் கைக்கு வந்ததா, காப்பீட்டு அட்டை இருக்கான்னும் ஒரு வார்த்தை கேளுங்க.