குளவி வகைப்பாடு: ஊவா மலைநாடும் இலங்கையும்

அப்புத்தளைத் தோட்டங்களில் குளவி என்றதும், கொழுந்து மலையில் கூடு கலைந்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடியதுதான் நினைவுக்கு வரும். இப்படி ஆட்களைக் கொட்டுபவை கூட்டமாக வாழும் இனங்கள். ஆனால் குளவிகளில் மிகப் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. லயத்துச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி அவற்றுள் ஒன்று. இரையைக் கொட்டி மயக்கி, கூட்டில் அடைத்து, முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகும் என்று முன்னோர் நம்பியது இத்தகைய கூடுகளைப் பார்த்துத்தான். அடைபட்ட புழு குளவிக்குஞ்சின் சாப்பாடு மட்டுமே.

சிலந்திகளை அடைத்துவைக்கும் மண்குளவி ஒன்றுக்கு 1781இல் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் மதராஸின் பெயரையே இட்டார். இலங்கையையும் சேர்த்து பிரிட்டிஷ் இந்தியாவின் குளவிகளை ஒரே நூலில் தொகுத்தவர் பிங்ஹாம் (1897).

தோட்டங்களின் கதை வேறு வழியில் போனது. கோப்பித் தோட்டக்காரர் நீட்னர், 1861இல் கோப்பியின் எதிரிகளைப் பற்றி எழுதியபோது ஓர் இலைச்சுருட்டி அந்துக்குப் பெயர் சூட்டினார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அந்தும் தேயிலைக்கு மாறிக்கொண்டது. அதன் புழுவுக்குள்ளேயே முட்டையிடும் சிறு குளவியொன்றை 1935 வாக்கில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து பெருக்கினார்கள். பூச்சியியலாளர் நிக்சன் அதை மேக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே என்று விவரித்தது 1938இல். ஆக, பெயரில்லாமலேயே வேலைக்குச் சேர்ந்த குளவி அது! அதன் உழைப்பு எவ்வளவு என்பது 1950களில்தான் தெரிந்தது: கிளை துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள், குளவி மடிந்தது, இலைச்சுருட்டி பெருகியது.

இலங்கையின் தனிக்குளவிகளை முறையாக விவரித்தவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கார்ல் கிராம்பைன். 'இலங்கைக் குளவிகள்' வரிசையில் வண்டுப்புழுக்களைத் தாக்கும் ஸ்கோலியிடே குடும்பத்துக்கு 1978இலும், கரப்பான் வேட்டையாடும் ஆம்புலிசிடே குடும்பத்துக்கு 1979இலும் தனிநூல் எழுதினார். 1983இல் வந்த பகுதி குச்சிப்பூச்சியின் முட்டையில் வளரும் குளவிகளைப் பற்றியது. அவற்றுள் சிலவற்றின் பெண்ணுக்குச் சிறகு குறுகியிருக்கும், எறும்பென்றே தோன்றும். ஆணும் பெண்ணும் இப்படி மாறுபடுவதால் ஒரே இனத்துக்கு இரு பெயர் விழுவது சுலபம். அதைத் தவிர்க்க, வகைப்பாட்டாளர்கள் சிறகு நரம்பு, தலைப்புள்ளிகள், ஆணுறுப்பின் வடிவம் ஆகியவற்றை ஒப்பிட்டு, ஒரு மாதிரியைப் பெயருக்குச் சான்றாக அருங்காட்சியகத்தில் வைப்பார்கள். கிராம்பைன் அதோடு நிற்கவில்லை. கூட்டையும் இரையையும் சேர்த்துப் பதிந்தார். 1991இல் வந்த 19ஆம் பகுதி முழுக்க வாழ்க்கைக் குறிப்புகளே. இவை இன்றும் பயன்தருகின்றன.

தேனீ, வண்டு பிடிக்கும் குளவிகளை அவர் 1981இல் பிலாந்திடே என்னும் தனிக் குடும்பமாக வைத்தார். மற்றவர்கள் அதைக் கிராப்ரோனிடே குடும்பத்துக்குள் அடக்கினார்கள். 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதை மறுபடியும் தனிக் குடும்பமாக்கியது.