கண்டியில் மரமும் மனையும்: ஒரு வரலாற்று நோக்கு

கண்டி வாவியின் தென்கரையில் நின்று வடக்கே நோக்குவோர்க்குத் தலதா மாளிகையின் கூரைக்குப் பின்னால் அடர்ந்த காடொன்று மலைமுகடு வரை எழுந்து நிற்பது புலனாகும். உடவத்தைக்கலே எனப்படும் அக்காடு ஏறத்தாழ 257 ஏக்கர் பரப்புடையது. முகத்தைத் திருப்பித் தெற்கே ஹந்தானைப் பக்கம் நோக்கினாலோ, வீடுகளும் விடுதிகளும் படிப்படியாகச் சரிவில் ஏறிச் செல்வதைக் காணலாம். இரு பக்கத்துக்கும் மழை ஒன்றே. மண்ணிலும் பெரிய வேறுபாடில்லை. அங்ஙனமிருக்க, ஒரு பக்கம் மரம் நிலைத்து மறுபக்கம் மனை ஓங்கியது எவ்வாறு என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பௌத்த சமயத்தின் உயிரிரக்கமும் புனித நகர் என்னும் மதிப்புமே உடவத்தைக்கலேயைக் காத்தன எனப் பொதுவாகக் கூறுவர். இவ்விளக்கம் முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அதே சமயத்தைப் போற்றிய மக்கள் வாழ்ந்த ஏனைய குன்றுகள் ஒரு தலைமுறைக் காலத்துள் மொட்டையாகின. காட்டைக் காத்தது உடைமையும் அவ்வுடைமையைச் சூழ்ந்த தடையுமே என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

கண்டி மன்னர் காலத்தில் இக்காடு அரண்மனைக்கு மேலுள்ள தோட்டமாகக் கருதப்பட்டது. அரச குடும்பத்தினர்க்கே உரியதாய்ப் பொதுமக்கள் புகுதற்கு விலக்கப்பட்டிருந்தமையால், தடைசெய்யப்பட்ட காடு என்னும் பொருளில் 'தஹன்சிக் கலே' என்ற பெயரும் அதற்கு வழங்கிற்று. செங்கண்ட என்னும் பிராமணர் வாழ்ந்ததாகக் கூறப்படும் குகையொன்று இன்றும் அங்குக் காட்டப்படுகிறது. செங்கடகல என்ற நகர்ப்பெயர் அவரிடமிருந்து வந்தது என்பது மரபு. நகரைச் சூழ்ந்த ஏனைய காடுகளுக்கோ வேறொரு பயன் இருந்தது. அவை இராச்சியத்தின் மதில்களாக விளங்கின. கணவாய் வழிகளை மறித்து நின்ற முட்கதவுகளைப் பற்றி, இந்நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து மீண்ட றொபேட் நொக்ஸ் 1681ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். காட்டை வெட்டி வழியமைத்தல் பகைவனுக்குக் கதவைத் திறந்துவிடுதற்கு ஒப்பாகும். எனவே மன்னர் காடு காத்தமைக்கு மரத்தின்மீதிருந்த பற்றைக் காரணமாகக் கூறுவதிலும் அரணின் தேவையைக் கூறுதலே பொருந்தும். நகரை அழகுபடுத்த வேண்டியவிடத்து அவர்கள் நிலத்தை மாற்றத் தயங்கியவரல்லர். கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வயல்நிலத்தை மறித்தே இன்றைய வாவியை ஆக்கினான். 1812ஆம் ஆண்டளவில் அப்பணி நிறைவெய்திற்று.

1815ஆம் ஆண்டு இராச்சியம் பிரித்தானியர் கைக்கு மாறியதும் காட்டின் பொருளும் மாறிற்று. அரணாயிருந்த காடு இப்பொழுது இடையூறாயிற்று. தேசாதிபதி எட்வேட் பான்சின் காலத்தில் கொழும்பு - கண்டி வீதி திறக்கப்பட்டது. பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1830களின் தொடக்கத்தில் முழுவதும் முதிரை மரத்தாலேயே பாலமொன்று அமைத்தனர். ஒரே வளைவாக 205 அடி நீண்ட அப்பாலம் 1905ஆம் ஆண்டு வரை நின்றது. காட்டு மரத்தின் வலிமையை அதனினும் தெளிவாகக் காட்டிய சான்று வேறில்லை. அப்பாலத்தின் வழியாகவே பின்னர்க் காட்டை அழித்த கோப்பிச் செல்வம் துறைமுகத்துக்கு இறங்கிற்று.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், எதிர்மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியனவாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். சேனைப் பயிர்ச்செய்கைக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தலைமுறை தலைமுறையாகக் காட்டைப் பயன்படுத்திவந்த கண்டிக் கிராமத்தவரிடம் எழுத்துச் சான்று எங்ஙனம் இருக்கும்? சன்னசு முதலிய அரச சாசனமோ வரி செலுத்தியமைக்கான சான்றோ காட்ட இயலாதவர் உரிமையிழந்தனர். அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அடிப்படை விலையில் விற்கப்பட்டது. 1844ஆம் ஆண்டில் அவ்விலை ஒரு பவுணாக உயர்த்தப்பட்டது. வாங்கியோருள் ஆங்கில அதிகாரிகளே பலர். கண்டியைச் சூழ்ந்த ஹந்தானை முதற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய பகுதிகளுள் ஒன்று. காடு வெட்டும் வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தத்துக்குச் செய்தனர். கன்று நடவும் பழம் பறிக்கவும் தமிழகத்திலிருந்து வந்த கூலிகள் மன்னார், மாத்தளை வழியே கால்நடையாக மலையேறினர். வெட்டியவனுக்கும் நட்டவனுக்கும் அந்நிலத்தில் ஒரு சாண் உரிமையும் கிட்டவில்லை.

இத்தகைய விற்பனை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1856ஆம் ஆண்டில், உடவத்தைக்கலே ஒதுக்கக் காடாக்கப்பட்டது. ஒரு கையால் மலையை விற்ற அரசாங்கம் மறுகையால் நகர்நடுவே ஒரு காட்டை மூடிவைத்தமை முரணாகத் தோன்றலாம். உற்று நோக்கின் முரண் எதுவுமில்லை. தேசாதிபதி வில்மட் ஹோட்டனின் மனைவி பெயரால் வழங்கும் லேடி ஹோட்டன் உலாவழி அக்காட்டினுள் செல்கிறது. ஆளும் வர்க்கத்தார் உலாவுதற்கும் நகரின் நீர்வளத்துக்கும் நிழலுக்கும் ஏற்ற காடு பேணப்பட்டது. விலைபோகத்தக்க காடு விற்கப்பட்டது. இரண்டையும் தீர்மானித்தவர் உடைமையாளரே. மன்னரின் 'தஹன்சி'யே புதிய பெயரோடு தொடர்ந்தது எனலாம். 1938ஆம் ஆண்டு அது சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டமை அதே தடையின் அடுத்த வடிவமாகும்.

மலைக்காடுகள் அழிவது பற்றிய அச்சம் அரசாங்கத்துக்கு எழாமலில்லை. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873ஆம் ஆண்டில், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழியாது காத்தல் வேண்டும் என ஆலோசனை கூறினார். அவ்வுயரத்துக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளை விற்பதில்லை என்னும் கொள்கையும் உருவாயிற்று. இவ்வெல்லை கண்டிக்கு எவ்விதப் பயனும் அளிக்கவில்லை என்பதை எவரும் போதிய அளவு வலியுறுத்தியதாகத் தெரியவில்லை. நகர் ஏறத்தாழ 1,600 அடி உயரத்தில் உள்ளது. ஹந்தானையின் உச்சியும் ஐயாயிரம் அடியை எட்டாது. எனவே நாட்டின் முதலாவது மலைக்காட்டுக் காப்புக் கோட்பாடு, காடழிப்புத் தொடங்கிய இடத்தையே தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. 1885ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டமும் முதன்மையாக முடிக்குரிய காட்டையே நோக்கியது. தனியார் நிலத்து மரம் அதன் சொந்தக்காரன் விருப்பத்துக்கே விடப்பட்டது.

நகர அமைப்புச் சட்டங்கள் வேறொரு வேரிலிருந்து முளைத்தவை. 1914ஆம் ஆண்டு கொழும்பிற் கொள்ளைநோய் பரவியதை அடுத்து, 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. காற்றும் வெளிச்சமும் சுகாதாரமுமே அதன் அக்கறைகள். கட்டடத்தின் உயரத்தைத் தெருவின் அகலத்தோடு பிணைத்து 63½ பாகைக் கோணம் ஒன்றை அது விதித்தது. கொழும்பின் சமநிலத்துக்கு அஃது ஏற்ற அளவுகோல். கண்டிச் சரிவிலோ ஒரு வீட்டின் அத்திவாரம் மற்றொரு வீட்டின் கூரைக்கு மேலிருக்கும். மேல்வீட்டான் வெட்டிய மரத்தின் விளைவு கீழ்வீட்டான் முற்றத்தில் வந்து விழும். அச்சட்டம் தெருவுக்கும் சுவருக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தது. சரிவையும் அதனைப் பற்றி நின்ற வேரையும் அது கருதவில்லை. 1946ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் இயற்கை வனப்பைப் பாதுகாத்தலைத் தன் நீண்ட தலைப்பிலேயே ஒரு நோக்கமாகக் குறித்தது. இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிலத்திலுள்ள ஒரு மரத்தையோ மரத்தொகுதியையோ வெட்டாதிருக்கத் திட்டமிடல் அதிகாரியே ஆணையிடும் முறையை உறுதிப்படுத்திற்று. அத்தகைய ஆணை இங்கு நகரவாசியின் அன்றாட வழக்கில் வேரூன்றவில்லை.

தனியார் மரத்துக்கு இந்நாட்டிற் கிடைத்த காவல் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டமாகும். பலாவும் ஈரப்பலாவும் அதன் முதன்மைப் பிள்ளைகள். பஞ்சகாலத்தில் வயிற்றை நிரப்பும் மரங்கள் என்பதனாலேயே அவை காக்கப்பட்டன. உலகப்போர்க் கால அரிசித் தட்டுப்பாட்டை நினைவிற் கொண்டு நோக்குவோர்க்கு அச்சட்டத்தின் நியாயம் விளங்கும். ஆயினும் அது மரத்தைத் தனித்தனியே எண்ணுகிறது. பலாவை வெட்டப் பிரதேச செயலாளரிடம் அனுமதி பெறல் வேண்டும். வீடு கட்ட மாநகர சபையிடமோ 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபையிடமோ அனுமதி பெறல் வேண்டும். மரத்துக்கு ஒரு கோப்பு, மனைக்கு வேறொரு கோப்பு. இரண்டும் ஒரே மேசையிற் சந்திக்க வேண்டும் என்ற கட்டாயம் எளிதில் ஏற்படுவதில்லை.

இப்பிளவினால் மிகவும் நலிவது கண்டி வீட்டுத்தோட்டமே. உயரத்தில் பலாவும் தென்னையும் கித்துளும், அவற்றினிடையே கமுகு, சாதிக்காய், கராம்பு, தண்டைப் பற்றிய மிளகுக்கொடி, நிழலில் கோப்பி, வாழை, கிழங்கு எனப் பல தளங்களாய் அமைந்த இத்தோட்டம் தோற்றத்திற் காட்டை ஒத்தது. பயனில் வயலை ஒத்தது. நகரைச் சுற்றியுள்ள பசுமையிற் பெரும்பகுதி ஒதுக்கக் காட்டினாலன்றி இத்தோட்டங்களாலேயே அமைந்தது. ஆனால் சட்டத்தின் கண்ணில் இதற்குத் தனிப்பெயரில்லை. இஃது ஒதுக்கக் காடன்று, பெருந்தோட்டமுமன்று, வெறும் மனைநிலம். தந்தையின் தோட்டம் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டு, ஒரு பங்கு விலைபோய், வாங்கியவர் அதனைப் பேர்ச்சஸ் கணக்கில் துண்டாடும்பொழுது, ஒவ்வொரு துண்டுக்கும் விதிப்படி அனுமதி கிடைத்துவிடுகிறது. எவரும் சட்டத்தை மீறவில்லை. தோட்டம் மட்டும் மறைந்துவிடுகிறது.

இதற்கு மாறான முயற்சியொன்று தமிழகத்தில் நடைபெற்றது. 1955ஆம் ஆண்டில் அங்கு இயற்றப்பட்ட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் தனியார் நிலத்து மரத்தையும் குழுவொன்றின் அனுமதியின்றி வெட்டலாகாது என்றதோடு, சரிவு நிலத்தைக் கிளறிப் பயிரிடுதலையும் அதே அனுமதிக்குட் கொண்டுவந்தது. மரத்தையும் மண்ணையும் ஒரே பார்வையில் வைத்த இக்கருத்து போற்றத்தக்கது. உதகமண்டலமும் கொடைக்கானலும் அதன் பின்னரும் கட்டடங்களால் நிரம்பியமை அனைவரும் அறிந்ததே. கட்டட அனுமதி அங்கும் வேறு வாயில் வழியாகவே வழங்கப்பட்டதன் விளைவு அது.

நமக்கு அண்மையிலுள்ள ஓர் உதாரணத்தையும் கூறாதிருத்தல் இயலாது. பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தைத் திட்டமிட்ட பற்றிக் அபர்குரொம்பி, மகாவலிக்கும் ஹந்தானைக்கும் இடைப்பட்ட சரிவின் வடிவத்தையும் மரத்தையும் முதலிற் கருதிப் பின்னரே கட்டடங்களை இருத்தினார். 1952ஆம் ஆண்டு முதல் இங்கு வாழ்ந்தோர் அதன் பயனை நுகர்ந்துள்ளனர். ஆயின் முழுச்சரிவும் ஒரே உடைமையாளரிடம் இருந்தமையாலேயே அது கைகூடிற்று. நூறு உடைமையாளர் உள்ள சரிவில் அதனைச் செய்யும் வழிதான் இன்னும் காணப்படவில்லை.

ஹந்தானை 2010ஆம் ஆண்டில் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ்ச் சுற்றாடற் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. தனியார் காணியையும் அரச காணியையும் ஒருங்கே தழுவும் எல்லைக்கோடு என்ற அளவில் இது முந்திய சட்டங்களினின்றும் வேறுபட்டது. மலைச்சரிவில் வீடு கட்டுவோர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்றைப் பெறவேண்டிய முறையும் வந்துள்ளது. 2025 நவம்பரில் 'டித்வா' புயலோடு வந்த மழையில் கண்டி மாவட்டம் பெரும் உயிர்ச்சேதத்துக்கு உள்ளாயிற்று. அத்தகைய மழையை மரம் மட்டும் தாங்கியிருக்கும் எனக் கூறுவோர் மிகைப்படக் கூறுகின்றனர். காடடர்ந்த சரிவுகளும் சரிவதுண்டு. எனினும் வடிகாலை அடைத்து, அடிவாரத்தை வெட்டி, வேரை அகற்றிய சரிவு முதலிற் சரியும் என்பதில் ஐயமில்லை.

விதிகளை இறுக்கும்பொழுது அவற்றின் சுமை யார்மேல் விழுகிறது என்ற வினா எழுகிறது. லயன் அறைகளிலே ஐந்து, ஆறு தலைமுறை வாழ்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு அண்மைக்காலத்தில் அரசு ஒதுக்க முன்வந்த காணி ஏழு பேர்ச்சஸ். அவ்வேழு பேர்ச்சஸ் பெரும்பாலும் தோட்டத்துக்குப் பயன்படாத சரிவிலேயே அமைவதுண்டு. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுட் புதையுண்ட லயன்கள், இடத்தைத் தெரிவுசெய்யும் உரிமையில்லாதவர் எங்கே குடியமர்த்தப்படுகின்றனர் என்பதைக் காட்டின. வாவியை நோக்கிய விடுதிக்காரர் பொறியியலாளரை அமர்த்தித் தாங்குசுவர் கட்டி அனுமதி பெறுவார். ஏழு பேர்ச்சஸ்காரர் ஒரு மரத்தை விட்டுவைத்தால் வீட்டுக்கு இடமிராது. மரத்துக்கான இடத்தை ஒவ்வொரு மனையிடமும் சமமாகக் கேட்கும் விதி, 1840ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்தவரிடம் சாசனம் கேட்டதைப் போன்றதே. சரிவு முழுவதையும் ஓர் அலகாகக் கொண்டு, பெருநிலமுடையோரிடமிருந்தும் தோட்டக் கம்பனிகளிடமிருந்தும் முதலில் அவ்விடத்தைப் பெறவேண்டும். மலையகத்தின் உறுதியான, சமதரைக்கு அணித்தான நிலங்கள் இன்றும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே உள்ளன.