மீட்பு

'மீள்' என்றால் திரும்பி வருதல். தன்னால் வர முடியாததைத் திரும்பக் கொண்டுவருவது மீட்டல். சேலம், நாமக்கல் பக்கம் அடகு நகையை மீட்காத வீடு குறைவு. சங்க இலக்கியத்தில் மாடுகளை மீட்பதே கரந்தைத் திணை. அப்படி மீட்கப் போய் மடிந்தவர்களின் நடுகற்கள், 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரியில் இன்றும் நிற்கின்றன.

கிறிஸ்தவம் இந்தச் சொல்லை எடுத்து மனிதன்மேல் வைத்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள 'லூத்ரோன்' அடிமையை விடுவிக்கத் தரும் விலை. அடகுக்கடைக்குப் பக்கத்துச் சொல்தான்! 1620-களில் இந்த நம்பிக்கையோடு சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தவர் இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி. 1827-இல் லண்டன் மிஷன் சேலத்தில் பணி தொடங்கியது. அந்தச் சீர்திருத்தச் சபையார் நாவில் பழகியது 'இரட்சிப்பு'; வடமொழி வேர், பொருள் காத்தல். 1995-இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'மீட்பு' என்கிறது.

எனக்கு மீட்பே பிடிக்கிறது. காத்தல் கெடாமல் பார்த்துக்கொள்வது. மீட்டல் கைவிட்டுப் போனதற்கு. குடியில் அழிந்தவனுக்கும் இடம் தரும் சொல் அது. அடகில் கிடந்தாலும் நகை வீட்டுக்காரருடையதுதான்.