காட்டில் பார்த்தது மஞ்சள் பைத்தியக்கார எறும்பா? அடையாளம் காண்பது எப்படி?

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே உள்ள கரந்தமலை வனப்பகுதி, 2022-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு எறும்பால் செய்தியில் அடிபட்டது. ஆடு, மாடுகளின் கண்களை எறும்புகள் பாதிப்பதாகவும், மேய்ச்சலுக்குக் காட்டுக்குள் போகவே முடியவில்லை என்றும் மலையடிவார கிராம மக்கள் புகார் கூறினர். அது 'மஞ்சள் பைத்தியக்கார எறும்பு' என அடையாளம் காணப்பட்டது.

அப்போதிலிருந்து, காட்டோரம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ எறும்புக் கூட்டத்தைப் பார்த்தால் 'இது அதுதானா?' என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஆனால் அப்படித் தெரியும் எல்லாமே ஆபத்தான எறும்பு கிடையாது.

ஏன் இந்தப் பெயர்?

இதன் அறிவியல் பெயர் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ். சாதாரண எறும்புகள் பெரும்பாலும் வரிசை பிடித்துப் போகும். இதைச் சீண்டினால் திசையே இல்லாமல் தாறுமாறாக ஓடும். அதனால்தான் 'பைத்தியக்கார' என்ற அடைமொழி. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் பட்டியலில் இதுவும் ஒன்று.

கடிக்காத எறும்பு கண்ணை எப்படிப் பாதிக்கிறது?

இதற்குக் கொடுக்கு இல்லை. வயிற்றின் நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சி அடிக்கும். ஓரிரு எறும்பு என்றால் பெரிய பாதிப்பு இருக்காது. ஆயிரக்கணக்கில் மொய்க்கும்போதுதான் சிக்கல். தலையைத் தாழ்த்திப் புல் மேயும் ஆட்டுக்கு கண்ணும் மூக்கும்தான் முதலில் மாட்டும்.

கவனிக்க வேண்டிய 5 அடையாளங்கள்

1. நிறம்: மஞ்சள் கலந்த பழுப்பு. வயிற்றுப்பகுதி மட்டும் பெரும்பாலும் கொஞ்சம் கருத்திருக்கும்.

2. அளவு: சுமார் 4 முதல் 5 மில்லிமீட்டர். வேலைக்கார எறும்புகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவு.

3. கால், உணர்கொம்பு: உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீளமாக, மெலிந்து இருக்கும்.

4. இடுப்பு: மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரே ஒரு முடிச்சு. இதைப் பார்க்க பூதக்கண்ணாடி தேவை.

5. கூடு: சருகுக்கு அடியில், கல்லிடுக்கில், மரத்தின் அடிப்பகுதியில் இருக்கும். ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். பக்கத்துக் கூடுகளோடு சண்டை போடாமல் ஒன்றாகச் சேர்ந்து பெருகும்.

எதோடு குழம்ப வாய்ப்பு?

முசுறு: மாமரத்தில் பச்சை இலைகளை ஒட்டிக் கூடு கட்டும் செந்நிற எறும்பு. இதைவிடப் பெரியது, பெரிய எறும்பும் சின்ன எறும்பும் கலந்திருக்கும், நன்றாகக் கடிக்கும். மரத்தில் பச்சை இலைகளை ஒட்டிக் கட்டிய கூடு இருந்தால் அது முசுறுதான் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

நெருப்பெறும்பு: கொட்டினால் தீப்பட்டது போல எரியும். இடுப்பில் இரண்டு முடிச்சு. சில எறும்புகளுக்குத் தலை மட்டும் பெரிதாக இருக்கும்.

சின்ன கருப்பு எறும்பு: வீட்டுக்குள் சுற்றும் இந்த எறும்பும் தாறுமாறாக ஓடும். ஆனால் நிறம் கருப்பு, அளவும் சிறியது. ஓட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

சரியாக அடையாளம் காண்பது ஏன் முக்கியம்?

தெரியாமல் மருந்து அடித்தால் முசுறு போன்ற உள்ளூர் எறும்புகளும் சேர்ந்து சாகும். பயிர்ப் பூச்சிகளைத் தின்று விவசாயிக்கு உதவுவது அவைதான். அவை காலி செய்த இடத்தில் ஊடுருவல் எறும்பு எளிதாகப் பரவிவிடும்.

அலட்சியமாக விட்டாலும் ஆபத்துதான். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் இந்த எறும்புகள் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றன. மரச்சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சிகள் சுரக்கும் இனிப்பு நீர்தான் எறும்புகளின் முக்கிய உணவு. எனவே அந்தப் பூச்சிகளைக் கட்டுப்படுத்த, 2016-ல் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த நுண்குளவிகள் அங்கு விடப்பட்டன. எறும்பின் சாப்பாட்டிலேயே கைவைப்பதுதான் திட்டம்.

சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம்?

* நாணயம் அல்லது அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் போட்டோ எடுங்கள். ஓடும் விதத்தை வீடியோ எடுங்கள்.
* இடம், தேதி, கூடு தரையிலா மரத்திலா என்பதைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ வேளாண் அலுவலருக்கோ தெரியப்படுத்துங்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் மாதிரி எடுப்பதும் வேண்டாம்.
* எறும்பு இருக்கும் இடத்திலிருந்து மண், நாற்று, விறகு எதையும் வேறு ஊருக்குக் கொண்டு போகாதீர்கள். பெரும்பாலும் இப்படித்தான் இது தூர இடங்களுக்குப் பரவுகிறது.
* கண்ணில் அமிலம் பட்டால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, உடனே மருத்துவரைப் பாருங்கள். கால்நடைகளுக்கும் கண்ணைக் கழுவிவிட்டு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

போட்டோவை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கடைசியாக உறுதி செய்ய வேண்டியது, நுண்ணோக்கியில் மாதிரியைப் பார்க்கும் பூச்சியியல் வல்லுநர்தான். அதுவரை மருந்து டப்பாவைத் திறக்காமல் இருப்பதே காட்டுக்கும் கால்நடைக்கும் நல்லது.