ஏடும் கருவியும்: பொறியியற் கல்வியில் தொலைநிலையும் கலப்பு முறையும்

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், ஆறு கடலோடு கூடும் முகத்துவாரத்தில் அமைந்த சிற்றூர் கோலா சுங்கை பாரு. இரப்பரும் செம்பனையும் கண்ட இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிள்ளை ஒருவன் பொறியியலாளன் ஆவது ஒரு தலைமுறை உழைப்பின் பயனாகும். அதற்கான வாயில் இன்று தொலைவில் இல்லை. 1996இல் மலாக்காவில் தொடங்கிய டெலிகாம் பல்கலைக்கழகம் பின்னர் மல்டிமீடியா பல்கலைக்கழகமாயிற்று. 2000ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டுரியான் துங்கல் வட்டாரத்தில் இயங்குகிறது. ஆயினும், வளாகம் சென்று பயில்வதா, இல்லத்திலிருந்தே பயில்வதா, இரண்டையும் இணைத்துப் பயில்வதா என்னும் வினா மாணவர் முன் நிற்கிறது. விளம்பரங்கள் இவ்வினாவுக்குப் பல விடைகள் கூறலாம். வரலாறு கூறும் விடையை ஈண்டு நோக்குதல் தகும்.

தொலைநிலைக் கல்வி கணினியோடு பிறந்ததன்று. 1840இலேயே ஐசக் பிட்மன் இங்கிலாந்தில் சுருக்கெழுத்தை அஞ்சல்வழிக் கற்பித்தார். பொறியியலுக்கு இம்முறை வந்த கதை சுரங்கத்தில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கங்களில் விபத்துகள் மலிந்திருந்தன. மேற்பார்வையாளராக விரும்புவோர் தேர்வெழுதித் தகுதி பெறுதல் வேண்டும் எனச் சட்டம் விதித்தது. பகலெல்லாம் மண்ணுக்கடியில் உழைப்பவன் எந்தக் கல்லூரிக்குச் செல்வான்? ஸ்கிராண்டன் நகரில் சுரங்கத்தொழில் இதழ் நடத்திய தாமஸ் ஃபாஸ்டர், 1891இல் அத்தொழிலாளர்க்கு அஞ்சல்வழிப் பாடங்களைத் தொடங்கினார். அதுவே பின்னர்ப் பன்னாட்டு அஞ்சல்வழிப் பள்ளிகளாக வளர்ந்தது.

அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் இரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். பின்னர்ப் பெருகிய தோட்டங்களை நாடித் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அஞ்சற்பாடம் பயில முதற்கண் எழுத்தறிவு வேண்டும். அவ்வெழுத்தறிவைத் தருவதே தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளின் தலையாய பணியாயிற்று.

இந்தியாவில் 1920இல் தோன்றிய இந்தியப் பொறியாளர் கழகம், வகுப்புக்குச் செல்லாமலேயே தேர்வெழுதிப் பொறியியல் தகுதி பெறும் வழியை வகுத்தது. பட்டறைகளிலும் அரசுத் துறைகளிலும் பணியாற்றிய தொழில்நுட்பர் பலர் இரவில் கண்விழித்துப் படித்து அத்தகுதியைப் பெற்றனர். நெடுங்காலம் அது பட்டத்துக்கு இணையாக ஏற்கப்பட்டது. 2013 மே 31க்குப் பின் பதிவு செய்தோர்க்கு அந்த அரசு ஏற்புத் தொடரவில்லை.

இவ்விரு வரலாறுகளிலும் ஓர் உண்மை புதைந்துள்ளது. ஸ்கிராண்டன் சுரங்கத் தொழிலாளியும் இந்தியப் பட்டறைத் தொழில்நுட்பரும் கருவியை நாள்தோறும் கையாண்டவர்கள். அவர்களிடம் இல்லாதது ஏடு ஒன்றே. அஞ்சல் அதனைக் கொண்டுவந்தது. பள்ளிப்படிப்பை முடித்த பதினெட்டு வயது மாணவனின் நிலையோ நேர்மாறானது. ஏடு அவன் கைப்பேசியிலேயே உள்ளது. அவனிடம் இல்லாதது கருவி. ஒருவனுக்குப் பொருந்திய மருந்து மற்றவனுக்கும் பொருந்தும் எனக் கொள்ளுதல் பிழையாகும்.

இக்குறையை முன்னோடிகள் உணர்ந்திருந்தனர். 1971இல் பாடங்களைத் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அறிவியல் மாணவரின் இல்லங்களுக்குச் சோதனைக் கருவிப் பெட்டிகளை அனுப்பியது. கோடைக்காலப் பள்ளிகளையும் நடத்தியது. அதே 1971இல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பணியாற்றுவோர்க்கெனப் புறவளாகக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் தம் ஊரிலிருந்தே பயின்றனர். எனினும் ஆண்டுதோறும் சில வாரங்கள் வளாகத்துக்கு வந்து நேரடி வகுப்புகளில் கலந்துகொண்டனர். தொடக்கக் காலத்தில் இறுதியாண்டை வளாகத்திலேயே பயில வேண்டியிருந்தது. அது பொறியியலுக்கென எழுந்த திட்டமன்று. ஆயினும் இன்று புதுமையெனப் போற்றப்படும் கலப்பு முறையின் வித்து இந்நாட்டிலேயே அரை நூற்றாண்டுக்கு முன் ஊன்றப்பட்டது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

கருவியை மறந்த கல்வி எத்தகைய துயரில் முடியும் என்பதற்கு இந்தியாவில் நிகழ்ந்த வழக்கு ஒன்று சான்றாகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நான்கு, உரிய ஒப்புதலின்றித் தொலைநிலையில் பொறியியற் பட்டங்களை வழங்கின. 2017 நவம்பர் 3ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தோரின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தனித்தேர்வு எழுதித் தம் தகுதியை மெய்ப்பிக்க அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. அதற்குப் பின் சேர்ந்தோரின் பட்டங்களோ அறவே செல்லாதவையாயின. பட்டத்தை நம்பிப் பணியில் அமர்ந்தோரும் பதவி உயர்வு பெற்றோரும் ஒரே நாளில் நிலைகுலைந்தனர். கட்டிய பணம் திரும்பக் கிடைக்கலாம். கழிந்த ஆண்டுகளைத் திருப்பித் தருவார் யார்?

பின்னர் வந்த பெருந்தொற்று, உலகம் முழுவதையும் தொலைநிலை வகுப்பறையாக்கியது. மலேசியாவில் 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பல்கலைக்கழக விரிவுரைகள் இணையத்துக்கு மாறின. அவ்வாண்டு ஜூனில் சபா மாநிலத்தின் பித்தாஸ் பகுதி மாணவி ஒருவர், இணையத் தொடர்பு கிட்டும்பொருட்டு மரத்தின்மேல் தங்கித் தேர்வெழுதிய செய்தி நாட்டையே உலுக்கியது. தொலைநிலைக் கல்வி தூரத்தைக் குறைக்கும். ஏற்றத்தாழ்வைத் தானாகக் குறைக்காது என்பதை அம்மரம் உணர்த்திற்று. வளாகங்கள் படிப்படியாகத் திறக்கப்பட்டபோது, ஆய்வகமும் பட்டறையும் இன்றியமையாத இறுதியாண்டு மாணவர் முதற்கட்டத்திலேயே அழைக்கப்பட்டனர். விரிவுரை காத்திருந்தாலும் ஆய்வகம் காத்திருக்க இயலாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2023இல் மின்னணு அமைப்புகளில் இளநிலை அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. விரிவுரைகள் இணையவழி அமைகின்றன. ஆய்வகப் பயிற்சிக்கோ மாணவர் சென்னை வளாகத்துக்கே வருதல் வேண்டும். தேர்வுகளையும் நேரில் எழுதுதல் வேண்டும். தூரத்தில் கற்கத்தக்கது எது, அருகிருந்தே கற்கத்தக்கது எது என்று பகுத்துணர்ந்த ஏற்பாடு இது.

எனவே, இரு முறைகளையும் ஒப்பிடுங்கால் ஒன்றை உயர்வென்றும் மற்றதைத் தாழ்வென்றும் கூறுதல் முறையன்று. தொழிற்சாலையில் பணிபுரிந்து கருவியோடு பழகியவர்க்குத் தொலைநிலைக் கல்வி நல்ல ஏணியாக அமையும். கருவியைக் கண்டறியாத இளைஞர்க்கு விரிவுரையை இணையத்திலும் பயிற்சியை ஆய்வகத்திலும் தரும் கலப்பு முறையே ஏற்றது. கணிதத்தையும் கோட்பாட்டையும் திரையில் பலமுறை ஓட்டிப் பார்த்துத் தெளியலாம். பற்றவைத்த இணைப்பின் உறுதியையும் சுழலும் இயந்திரத்தின் அதிர்வையும் கைதான் அறியும். அளவில் நேரும் பிழையால் பாலமே சரியக்கூடும். மின்னிணைப்பில் நேரும் பிழையால் உயிரே போகக்கூடும்.

பல்கலைக்கழகப் படிவத்தோடு முன்னாள் மாணவன் தேடி வருவது பெரும்பாலும் தன் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையே. அந்நேரத்தில் ஆசிரியர் அவனைக் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று: இப்படிப்புக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஏற்பு உண்டா? ஆய்வகப் பயிற்சி எங்கே, எத்தனை நாள்? இல்லத்தில் இணையமும் அமர்ந்து படிக்க இடமும் உண்டா? இம்மூன்றுக்கும் விடை கிடைத்த பின்னரே படிவத்தில் கையொப்பம் இடப்பெறுதல் வேண்டும். தோட்டத்துப் பெற்றோர் ஈட்டிய பொருள் வியர்வையால் ஈட்டியது. அது செல்லாத பட்டத்துக்கு விலையாகிவிடலாகாது.